வெயில் காலத்துப் பத்து

போன வாரம் பெங்களூரிலிருந்து மருமகள் போன் பண்ணினாள்.

"அத்தே, பாப்பாவுக்கு ரெண்டு மாசமா இருமலே இல்லை. ராத்திரி நல்லாத் தூங்கறா. அந்த தினசரி இன்ஹேலரை நிறுத்திடலாமான்னு இருக்கு. ஸ்டீராய்டுன்னு வேற போட்டிருக்கு அது மேல..."

நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டேன். இதே கேள்வியை 2000-ஆம் வருஷம் நானே கேட்டிருக்கிறேன். டாக்டரிடம் கேட்கவில்லை, வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை. எனக்கு நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் இருந்த ஊர் சீனாவில் சூஜோ. ஷாங்காயிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். கால்வாய், கல்பாலம், பழைய தோட்டங்கள் என்று டூரிஸ்ட்டுகள் கொண்டாடும் ஊர். 1994-ல் சிங்கப்பூர் அரசும் சீன அரசும் சேர்ந்து அங்கே பெரிய தொழிற்பேட்டை ஒன்றை ஆரம்பித்தார்கள். சிங்கப்பூரில் எஞ்சினீயராக இருந்த என் வீட்டுக்காரரை அவர் கம்பெனி 1999 அக்டோபரில் அங்கே அனுப்பியது. கூடவே நான், ஆறு வயசு மகன், ஒரு பிரஷர் குக்கர், இரண்டு பம்ப்.

பம்ப் என்றால் இன்ஹேலர்தான். சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்வோம். நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று. 1997 செப்டம்பரில் இந்தோனேஷியாவில் காடு எரிந்து, அந்தப் புகை சிங்கப்பூரை மூடியது ஞாபகமிருக்கலாம். எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாது. அந்த மாசம்தான் நாலு வயசுப் பிள்ளைக்கு முதன்முதலாக இரைப்பு வந்தது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். மூச்சுக்குழாயின் உள்பக்கம் எப்போதும் லேசாகப் புண்ணாகி வீங்கியிருக்கிறது. புகையோ தூசியோ குளிரோ பட்டால் சுற்றியிருக்கும் தசை சுருங்கிக்கொள்கிறது. நீலம் அந்தத் தசையை நிமிஷத்தில் தளர்த்தும். பழுப்பு, வீக்கத்தை மெதுவாக ஆற்றும். நீலம் தேவைப்படும்போது, பழுப்பு தினம் இரண்டு வேளை, தவறாமல். இதுதான் பாடம். நானும் நல்ல மாணவி மாதிரி தலையாட்டினேன்.

சூஜோவில் குளிர்காலம் வந்தபோதுதான் எங்களுக்கு ஒரு சீன ரகசியம் தெரிந்தது. வடசீனத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வழியே சூடு வரும். ஹுவாய் நதிக்குத் தெற்கே அந்த வசதி கிடையாது. எங்கள் ஊர் தெற்கே. அதனால் வெளியே என்ன குளிரோ, அதேதான் வீட்டுக்குள்ளும்! ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு பையன் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தான். கீழே பழைய சந்துகளில் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட கரிக்கட்டிகளை எரித்து அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் புகையும் சேர்ந்து, டிசம்பரில் வாரம் இரண்டு ராத்திரி அவன் உட்கார்ந்தேதான் தூங்கினான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. நைநை என்று கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. ஆனால் அவள் செய்த ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது, அதுதான் விசேஷம். பையன் கையிலிருந்த ஐஸ் தண்ணீரைப் பிடுங்கி, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுப்பாள். வாழைப்பழத்தைப் பார்த்தால் கையை ஆட்டி "வேண்டாம்" என்பாள். ஈரத்தலையோடு வெளியே வந்தால் கத்துவாள். கழுத்துக்குப் பின்னால் சால்வையை இழுத்து மூடுவாள். எங்கள் கும்பகோணத்துப் பாட்டிக்கும் இவளுக்கும் நடுவில் இமயமலை இருப்பதே எனக்கு மறந்துபோகும். பின்கழுத்துக்குக் கீழே, முதுகில் ஒரு இடத்துக்குச் சீன வைத்தியத்தில் 'காற்று வாசல்' என்றே பெயர். அதன் வழியாகத்தான் குளிர்காற்று உடம்புக்குள் நுழைகிறதாம். நம் பாட்டிகள் காதில் பஞ்சு வைப்பதும் இந்த வாசலைச் சாத்தத்தானே?

நைநைதான் எங்களைச் சீன வைத்திய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த பெண் ஒருத்தியும் கூட வந்தாள். நான் நினைத்துப் போனது ஏதோ தாடிக்கார வைத்தியர், இருட்டறை, புகை. பார்த்தது எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் உள்ள அசல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப். முதலில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் வெள்ளையாக, ஈரமாகப் படிந்திருந்த மாவைக் காட்டித் தலையாட்டினார். பிறகு நாடி. பெரியவர்களுக்கு மூன்று விரல் வைத்துப் பார்ப்பார்கள், நம் சித்த வைத்தியர் மாதிரியே. குழந்தையின் மணிக்கட்டில் மூன்று விரலுக்கு இடமேது? ஒரே விரலை வைத்து, லேசாக உருட்டி உருட்டி மூன்று இடத்தையும் பார்க்கிறார்கள். இன்னும் சின்னக் குழந்தை, மூன்று வயசுக்குள் என்றால் நாடியே கிடையாதாம். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஓடும் நரம்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்களாம்.

அவர் சொன்ன கணக்கு இது. நுரையீரல் என்பது மற்ற உறுப்புகளுக்கெல்லாம் மேலே விரித்து வைத்த குடை. குடைதானே முதலில் நனையும்? ஆகவே அது ரொம்ப மென்மையானது. குழந்தைகளிடம் மூன்று உறுப்புகள் இன்னும் முற்றாமல் இருக்கின்றன: நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம். அவர்கள் 'மண்ணீரல்' என்று சொல்வது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மண்ணீரல் இல்லை, மொத்த ஜீரணத்துக்கும் அதுதான் பொறுப்பாளி. அது சரியாக வேலை செய்யாவிட்டால் சாப்பாடு சத்தாக மாறாமல் சளியாக மாறும். சளி பிறக்கிற இடம் மண்ணீரல், போய்த் தங்குகிற இடம் நுரையீரல். மூச்சைக் கீழே இறக்குவது நுரையீரலின் வேலை. இறங்கி வந்த மூச்சைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்வது சிறுநீரகத்தின் வேலை. பிடி நழுவினால் மூச்சு மேலேயே நின்று இரைக்கும்.

உடற்கூறு படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிறுநீரகமாவது, மூச்சைப் பிடிப்பதாவது! ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு மார்புக்கு மேலேயே நின்று தவிப்பதைப் பார்த்த அம்மாவுக்கு, 'பிடி நழுவுகிறது' என்ற வார்த்தை எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. விஞ்ஞானமாக அது சரியில்லைதான். பார்த்ததை அப்படியே சொல்லுகிற வார்த்தை அது.

இந்த இடத்தில் பல்லிக் கதையைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்தின் 'பிடி' தளர்ந்த ஆஸ்துமாவுக்குச் சீன வைத்தியத்தில் பேர் போன மருந்து ஒன்று உண்டு. நம் வீட்டுப் பல்லிக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய பல்லி. வயிற்றைக் கீறி, மூங்கில் குச்சியில் விரித்து, காய வைத்து, ஆணும் பெண்ணுமாக ஜோடியாக விற்பார்கள். வாலில்தான் வீரியமாம், வால் ஒடிந்தால் மதிப்பில்லை. நைநை பிரியத்தோடு ஒரு ஜோடியை வாங்கி வந்து என் சமையல் மேடையில் வைத்துவிட்டாள்! காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்ட கை இது. பாலில் பல்லி விழுந்தால் பாத்திரத்தோடு வெளியே வீசுகிற வம்சம். நல்லவேளை, டாக்டரம்மா காப்பாற்றினார். "இவனுக்குத் தேவையில்லை, இது பல வருஷம் இரைத்து ஓய்ந்துபோன கிழவர்களுக்கு" என்று சொல்லிவிட்டார். ஜோடியை நைநையிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். (மருந்துக்காகப் பிடித்துப் பிடித்தே அந்தப் பல்லி இனம் குறைந்து, 2019-ல் அதன் உலக வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.)

பையனுக்குக் கொடுத்தது கசாயம். பெயர் 'சின்ன நீல டிராகன்'. சுமார் 1800 வருஷப் பழைய செய்முறை. குளிர் பட்டு, தண்ணீர் மாதிரி சளி கட்டி வரும் இரைப்புக்கு. இஞ்சி, லவங்கப்பட்டைக் கொம்பு, அதிமதுரம் எல்லாம் நமக்குத் தெரிந்த ஆட்கள்தான். முதல் ஆள் மட்டும் புதுசு. மா ஹுவாங். இலையே இல்லாத, பச்சைத் துடைப்பக் குச்சி மாதிரி ஒரு செடி.

அந்தக் குச்சிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1885-ல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி அதிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். முப்பத்தெட்டு வருஷம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1923-ல் பீஜிங் மருத்துவக் கல்லூரியில் கே.கே.சென் என்ற சீனரும் கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கரும் அதை ஆராய்ந்து, அட்ரினலின் செய்கிற வேலையை இது வாய் வழியாகக் கொடுத்தாலே செய்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் மேல்நாட்டு ஆஸ்துமா நோயாளிகள் விழுங்கிய மாத்திரை எஃபெட்ரின்தான். அதையும்விடப் பக்குவமாக, இதயத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மருந்தைத் தேடித் தேடித்தான் 1960-களின் கடைசியில் சால்புட்டமால் வந்தது. அதுதான் என் கையிலிருந்த நீல பம்ப். நீல டிராகனும் நீல பம்பும் தூரத்து உறவு என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆடாதொடைக்கும் இப்படி ஒரு வாரிசு உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டிச் செய்ததுதான் இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின்.

உறவுக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கினால் தகராறு வருமில்லையா? டாக்டரம்மா முதல் நாளே கேட்டார்: "அவன் என்னென்ன பம்ப் எடுக்கறான்? கொண்டு வந்து காட்டு." நீல டிராகனும் நீல பம்பும் சேர்ந்தால் இதயம் படபடக்கும் என்று, எது எப்போது என்று மணிக்கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். பழுப்பு பம்பைப் பார்த்துவிட்டு, "இது அப்படியே இருக்கட்டும்" என்றார். மொழிபெயர்ப்புப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். அதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

கசாயம் எட்டிக்காய். இரண்டு தடவை காய்ச்சி, இரண்டையும் கலந்து, இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். ஷான்ஜா என்று புளிப்பும் இனிப்புமாக ஒரு பழவில்லை விற்பார்கள், அதை லஞ்சமாகக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பான். ஜனவரி பாதியில் இரைப்பு அடங்கியது. டிராகனை நிறுத்திவிட்டு வேறு பொடி கொடுத்தார்கள். அதன் பெயர் 'பச்சை மணிக்கல் காற்றுத்திரை'. மூன்றே மூன்று மூலிகை. உடம்பைச் சுற்றித் திரை கட்டி, காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறதாம். பெயர் வைப்பதில் சீனர்களை யார் மிஞ்ச முடியும்!

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஒரு ராத்திரிகூட இரைப்பு இல்லை. கால்வாய்க் கரையில் மற்ற பிள்ளைகளோடு ஓடினான். கன்னத்தில் நிறம் வந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. பழுப்பு பம்பைப் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் எழுதியிருக்கும் அந்த வார்த்தை கண்ணை உறுத்தியது. ஸ்டீராய்டு. வளர்ச்சி குறையும், எலும்பு உருகும், முகம் வீங்கும் என்று ஊரிலிருந்து போனில் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து? ஏப்ரலில் ஒரு நாள் அதை எடுத்து பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்காரர் கேட்டால் "கொடுத்துட்டேன்" என்பேன். மூலிகைப் பொடியையும் மறந்து மறந்துதான் கொடுத்தேன். அவன்தான் நன்றாக இருக்கிறானே.

ஜூன் பாதியில் அந்தப் பக்கம் ஒரு மழை பிடிக்கும். மூன்று வாரம், நான்கு வாரம், விடாத நசநசப்பு. பிளம் பழுக்கும் பருவத்தில் பெய்வதால் பிளம் மழை என்று பெயர். சீனத்தில் பிளம் என்பதற்கும் பூஞ்சணம் என்பதற்கும் ஒரே உச்சரிப்பு. அதனால் அதைப் பூஞ்சண மழை என்றும் சொல்வார்கள். அதுவும் நிஜம்தான். செருப்பில் பூஞ்சணம், சுவரில் பூஞ்சணம், பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சணம். ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு இதைவிட மோசமான சீசன் கிடையாது என்று எனக்குத் தெரியாது.

அந்த ராத்திரி வீட்டுக்காரர் சிங்கப்பூர் போயிருந்தார். பதினோரு மணிக்கு இருமல். பன்னிரண்டுக்கு இரைப்பு. நீல பம்பைக் கொடுத்தேன். அடங்கவில்லை. திரும்பக் கொடுத்தேன். விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கி உள்வாங்கிப் போகிறது. "அம்மா" என்று ஒரு மூச்சு, "தண்ணி" என்று அடுத்த மூச்சு. இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்து நைநை வீட்டை இடித்தேன்.

நைநை வந்து அவன் உதட்டைப் பார்த்தாள். ஒரு வினாடி. கசாயம் என்று சொல்லவில்லை, பல்லி என்று சொல்லவில்லை. "ஆஸ்பத்திரி" என்றாள். சீன வைத்திய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது, அங்கே போகவில்லை. டாக்ஸிக்காரனிடம் குழந்தைகள் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். வழியெல்லாம் அவன் பின்கழுத்து எலும்புக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். மழை கொட்டுகிறது. அவன் நெஞ்சில் விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது நின்றேவிட்டது.

"அப்பாடா" என்றேன் நான். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே இருந்த இளைஞர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முகம் மாறிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். விசில் சத்தம் வருகிற வரைக்கும் காற்று போய் வருகிறது என்று அர்த்தம். அவ்வளவு மோசமான நிலைமையில் சத்தம் நின்றால் அது குணம் இல்லை. உள்ளே காற்றே போகவில்லை.

ஆக்ஸிஜன், நெபுலைசர், கையில் ஊசி, சொட்டு. கவுன்ட்டருக்கும் வார்டுக்கும் நடுவில் கையில் பணத்தோடு, செருப்பில்லாமல் ஓடியது ஞாபகம் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்குத் திரும்பவும் அந்த விசில் கேட்டது. வாழ்க்கையில் எந்த நாகஸ்வரமும் எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

சொட்டில் என்ன மருந்து ஏறுகிறது என்று மறுநாள் கேட்டேன். ஸ்டீராய்டு. பம்பில் இருந்தது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு நாளைக்கு இருநூறு. இங்கே ஏறியது மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் என்று எனக்கும் தெரியும், பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு மார்க். கடுகளவுக்குப் பயந்து ஒளித்து வைத்தவள், பூசணிக்காய் அளவைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் அடுத்த நாள் வந்தார். பீரோவைத் திறந்து காட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒன்றும் சொல்லாமல் பம்பை எடுத்துத் துடைத்தார்.

பத்து நாள் கழித்து சீன வைத்திய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டினார், நன்றாக. மொழிபெயர்ப்புப் பெண் பாதியை விழுங்கிவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம், நோய் வந்திருக்கிற நாள். மறுபக்கம், வராத நாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஜூ தான்ஷி என்ற வைத்தியர் போட்ட கோடு இது என்றார். அவர் காலம் 1281 முதல் 1358 வரை. இரைப்பு வந்துவிட்டால் விரட்டுவதுதான் அவசரம். வராத நாளில் உடம்பைத் தேற்றுவதுதான் வேலை என்று அவர் பிரித்தார்.

"நீலம் இந்தப் பக்கம்," என்று கோட்டின் இடதுபுறம் எழுதினார். டிராகனையும் அங்கேயே எழுதினார். வலதுபுறம் காற்றுத்திரைப் பொடி. அதற்குக் கீழே பழுப்பு பம்ப். "ரெண்டு வைத்தியமும் வேற வேற. ஆனா வராத நாளுக்குத்தான் மருந்து அதிகம் வேணும்ங்கறதுல எங்களுக்குள்ள சண்டையே இல்லை. நீ அந்த வலது பக்கத்தை மொத்தமா அழிச்சிட்டே."

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜூலையில் மழை விட்டு வெயில் வந்தது. வருஷத்திலேயே உச்ச வெயில் காலத்தை அவர்கள் சான் ஃபூ என்கிறார்கள். நம் அக்னி நட்சத்திரம் மாதிரி பஞ்சாங்கத்தில் கணக்குப் போட்டுக் குறிக்கிற காலம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதில் மூன்று நாளைக் குறித்து, குளிர்காலத்து இரைப்புக்கு வைத்தியம். குளிர்கால நோயை வெயில் காலத்தில் பிடி என்பது அவர்கள் வழக்கு. ஆஸ்பத்திரி வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை, அடுத்த தெரு வரைக்கும். எல்லாம் குழந்தைகள். எல்லாருக்கும் சட்டை இல்லை. கையில் விசிறியோடு பாட்டிகள். ஹைதராபாத்தில் மிருகசீரிஷ கார்த்தி அன்று ஆஸ்துமாவுக்கு உயிர்மீன் விழுங்க நிற்பார்களே, அந்த வரிசைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருத்தர் முகத்திலும் நோயாளிக் களை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுகமாக இருக்கிற பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க நிற்கும் வரிசை!

மருந்து ஒரு பத்து. வெண்கடுகும் இன்னும் மூன்று மூலிகையும் பொடித்து, இஞ்சிச் சாற்றில் குழைத்தது. 1695-ல் சாங் லூ என்பவர் எழுதிய வைத்தியப் புத்தகத்தில் உள்ள முறை. உள்ளுக்குச் சாப்பிட்டால் விஷமாகிற சரக்கும் அதில் உண்டு, அதனால் யாரும் வீட்டில் அரைத்துப் பார்க்க வேண்டாம். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக, மொத்தம் ஆறு இடத்தில் வைத்துப் பிளாஸ்திரி போட்டார்கள். குழந்தைகளுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம். எரியும். மூன்றாவது தடவை அவனுக்கு ஒரு இடத்தில் கொப்புளமே வந்துவிட்டது. நைநைக்குப் பரம சந்தோஷம், மருந்து பிடித்துவிட்டதாம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் குளிர்காலம் அவனுக்கு இரண்டே தடவை லேசாக வந்து போனது. பத்தா, பொடியா, பம்பா? நைநையைக் கேட்டால் பத்து என்பாள். இந்தப் பத்தைப் பற்றிச் சீனாவில் ஆராய்ச்சிகள் நிறைய நடந்திருக்கின்றன, பெரும்பாலும் சின்ன அளவில், கறாராக ஒப்பிடாமல் செய்தவை. பழுப்பு பம்புக்கு உலகம் முழுக்கக் கறாரான சாட்சியே இருக்கிறது. என் ஓட்டு பம்புக்குத்தான். வாரா வாரம் படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்ததற்கும், சுவர்ப் பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவியதற்கும் கொஞ்சம் ஓட்டு. பதின்வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு இரைப்பு தானாகவே குறைவதும் உண்டு. ஆனாலும் அடுத்த ஜூலையும் நான் வரிசையில் நின்றேன். அந்த வரிசை என்னை வருஷத்துக்கு மூன்று நாள், பிள்ளை சுகமாக இருக்கும்போது, ஆஸ்துமாவைப் பற்றி யோசிக்க வைத்தது. அதற்காகவே நின்றேன்.

2002-ல் சூஜோவை விட்டுக் கிளம்பினோம். தினசரி பம்பினால் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கட்டும். அவன் இப்போது ஐந்தடி பத்து. அந்த ஒரு சென்டிமீட்டரும் சேர்ந்திருந்தால் பெங்களூர் ஃபிளாட்டின் பரண் கதவில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இடித்துக்கொண்டிருப்பான். அவன் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயசு.

மருமகள் லைனில் இருந்தாள். "அத்தே, கேக்கறீங்களா?"

"கேக்கறேன். நிறுத்தாதே. குறைக்கணும்னா டாக்டர் பார்த்துக் குறைக்கட்டும். பாப்பா நல்லா இருக்கறதே அதனாலதான் இருக்கும்."

"அதில்லத்தே, ஓடியாடிட்டு இருக்கா, காலைல ஸ்கூலுக்குக் கிளம்பற அவசரத்துல மறந்துபோகுது..."

"இன்ஹேலரை எங்கே வெச்சிருக்கே?"

"பீரோல."

"எடுத்து பாத்ரூம்ல பாப்பா பிரஷ் பக்கத்துல வை. பம்ப் கொடுத்ததும் வாய் கொப்பளிக்கணுமில்லையா? முதல்ல பம்ப், அப்புறம் பிரஷ். எடுத்து வெச்சிட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்."